வாசல் வரை போய்த் திரும்பிய இருவர்

ஆண்ட்ரூ க்ரோவ் என்ற பெயரை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு பவர்பாயின்ட் ஸ்லைடில். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். "லீடர்ஷிப் டிரெய்னிங்" என்று சொல்லி எங்கள் குழுவை ஒரு நாள் முழுக்க ஏசி அறையில் உட்கார வைத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, கண் சொக்கும் நேரம். பயிற்சி கொடுக்க வந்தவர் ஒரு கதை சொன்னார். 1985-ஆம் வருடம், கலிஃபோர்னியாவில் சாண்டா கிளாரா. இன்டெல் கம்பெனி தள்ளாடிக்கொண்டிருக்கிறது. அதன் பிரசிடென்ட் க்ரோவும், தலைமைச் செயல் அதிகாரி கார்டன் மூரும் சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் ஒரு கேளிக்கைப் பூங்காவின் ராட்சத ராட்டினம் சுற்றுகிறது. க்ரோவ் கேட்கிறார்: நம்மை வெளியே அனுப்பிவிட்டு போர்டு ஒரு புது ஆளைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? மூர் யோசிக்கவே இல்லை. மெமரி சில்லுத் தொழிலைத் தலைமுழுகிவிடுவார் என்கிறார். அப்படியானால் நாமே வாசல் வரை போய்த் திரும்பி வந்து அதைச் செய்துவிடலாமே, இது க்ரோவ்.

"இதிலிருந்து நாம என்ன கத்துக்கறோம்?" என்று பயிற்சியாளர் கேட்டார். யாரோ "துணிச்சலான முடிவு" என்றார்கள். ஸ்லைடு மாறிவிட்டது.

கதை பொய்யில்லை. 1996-ல் வந்த புத்தகத்தில் க்ரோவே எழுதியிருக்கிறார். ஆனால் பின்னாளில் இன்டெலின் வரலாற்றை வாசிக்க வாசிக்க ஒரு விஷயம் உறுத்தத் தொடங்கியது. அந்த இரண்டு பேர் வாசல் வரை போய்த் திரும்பியபோது, முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. எடுத்தவர்கள் அவர்கள் இல்லை. அதை யாரும் ஸ்லைடில் போடுவதில்லை.

*

இன்டெல் 1968 ஜூலையில் பிறந்தது. ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் ஃபேர்சைல்டு செமிகண்டக்டரை விட்டு வெளியேறித் தொடங்கியது. ஆர்தர் ராக் 25 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தார். நாய்ஸ் அயோவா மாநிலத்துப் பாதிரியார் ஒருவரின் மகன். ஒருங்கிணைந்த சுற்றைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர். அறைக்குள் வந்தாலே எல்லோரையும் வசீகரிக்கும் ஆள். ஆனால் யார் முகத்தையும் பார்த்து "முடியாது" என்று சொல்ல வராது. மூரோ சாது. பேசுவதே குறைவு. இந்த இரண்டு நல்லவர்களை மட்டும் நம்பியிருந்தால் இன்டெல் ஃபேர்சைல்டைப் போலவே ஆகியிருக்கும், அதாவது அபாரமான மூளைகள் கூடி, ஒழுங்கில்லாமல் சிதறிப்போன இடமாக. மூன்றாவதாக வந்தவர்தான் க்ரோவ்.

அவருடைய நிஜப் பெயர் ஆந்த்ராஷ் க்ரோஃப். 1936-ல் புடாபெஸ்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நான்கு வயதில் வந்த ஸ்கார்லெட் காய்ச்சல் செவித்திறனின் பெரும்பகுதியைக் கொண்டுபோனது. 1944-ல் நாஜிகள் ஹங்கேரிக்குள் வந்தபோது தாயும் மகனும் பொய்ப் பெயரில் ஒளிந்து பிழைத்தார்கள். கட்டாய உழைப்புப் படைக்குக் கொண்டுபோகப்பட்ட அப்பா, போர் முடிந்து எலும்பும் தோலுமாகத் திரும்பினார். 1956-ல் சோவியத் டாங்கிகள் வந்தன. இருபது வயது இளைஞன் எல்லையைக் கடந்து ஆஸ்திரியாவுக்குள் போனான். அங்கிருந்து கப்பலில் அமெரிக்கா. நியூயார்க் சிட்டி காலேஜில் கெமிக்கல் இன்ஜினியரிங், 1963-ல் பெர்க்லியில் டாக்டர் பட்டம், பிறகு ஃபேர்சைல்டில் மூரிடம் வேலை. இன்டெலின் ஆரம்ப நாளிலிருந்தே உடன் இருந்தார்.

இப்படிப்பட்ட ஒருவருக்கு, நிலைமை தானாகச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இருக்க வாய்ப்பில்லை. இதை மனோதத்துவமாக நீட்டி முழக்க நான் விரும்பவில்லை. ஆனால் காது சரியாகக் கேட்காத ஒரு மனிதர் உரத்துச் சண்டை போடுவதையே ஒரு கம்பெனியின் பண்பாடாக ஆக்கினார் என்பது எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கிறது.

சண்டை என்று நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இன்டெலில் அதற்கு வகுப்பே நடந்தது. "ஆக்கபூர்வமான மோதல்" என்று பெயர். ஆளைத் தாக்கக் கூடாது, பிரச்சினையைத் தாக்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும். க்ரோவ் இதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார். தொழில்நுட்பக் கம்பெனியில் பதவி இருப்பவர் ஒருவர், விஷயம் தெரிந்தவர் இன்னொருவர். மேலே போகப் போக ஒருவருடைய அறிவு பழையதாகிக்கொண்டே வரும். நேற்று காலேஜ் முடித்து வந்த பையனுக்கு இன்றைய சில்லு தெரியும், அதிகாரமோ இல்லை. இரண்டு பேரும் சமமாக உட்கார்ந்து அடித்துக்கொண்டால்தான் சரியான முடிவு வரும். அதனால் இன்டெலில் தனி அறை கிடையாது, அதிகாரிகளுக்குத் தனிக் கேன்டீன் கிடையாது, ஒதுக்கப்பட்ட பார்க்கிங் கிடையாது. க்ரோவே ஏறத்தாழ 8 அடிக்கு 9 அடி தடுப்புக்குள்தான் உட்கார்ந்திருந்தார். தாமதமாக வந்தால் அவரும் தூரத்தில் காரை நிறுத்திவிட்டு நடந்து வர வேண்டியதுதான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மறுபக்கமும் உண்டு. 1971-ல் ஒரு வழக்கம் கொண்டுவந்தார்: காலை 8.05-க்கு மேல் வருபவர்கள் வாசலில் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். முந்தின இரவு பன்னிரண்டு மணி வரை வேலை பார்த்த இன்ஜினியரும் போட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முழு வேலை நாள்தான் என்று நினைவூட்டி அவர் அனுப்பிய சுற்றறிக்கைக்கு ஊழியர்கள் டிக்கன்ஸின் கஞ்சப் பாத்திரமான ஸ்க்ரூஜின் பெயரை வைத்தார்கள். 1981 மந்தத்தில் ஆட்குறைப்பு செய்யவில்லை. அதற்குப் பதிலாக, மாதச் சம்பளக்காரர்கள் ஆறு மாதத்துக்கு தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக, கூடுதல் சம்பளம் இல்லாமல் உழைக்க வேண்டும் என்றார்கள். "125 சதவீதத் தீர்வு" என்பது அதன் பெயர். அடுத்த வருடம் சம்பளத்தில் 10 சதவீதம் வரை வெட்டு. அந்த நெருக்கடி சமயத்தில் ஐபிஎம் 25 கோடி டாலர் போட்டு இன்டெலின் 12 சதவீதப் பங்கை வாங்கித் தாங்கிப் பிடித்தது. இதைப் பிற்பாடு இன்னொரு முறை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இன்று நாங்கள் காலாண்டுதோறும் முனகிக்கொண்டே நிரப்பும் "ஓகேஆர்" படிவமும் க்ரோவின் உபயம்தான். 70-களில் இன்டெலில் வேலை பார்த்த ஜான் டோயர் அதைக் கற்றுக்கொண்டு, 1999-ல் கூகுளுக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து உலகம் பூராவும் பரவிவிட்டது. படிவம் வந்து சேர்ந்தது. உடன் வந்திருக்க வேண்டிய சண்டை வரவில்லை.

*

இப்போது மெமரி விஷயத்துக்கு வருகிறேன். இன்டெல் என்றால் நமக்கு பிராசசர். ஆனால் அது பிறந்தது மெமரி சில்லு செய்ய. 1970-ல் வந்த 1103 என்ற டிராம் சில்லுதான் கம்பெனியை நிமிர்த்தியது. முதல் பிராசசரான 4004, 1971-ல், பிஸிகாம் என்ற ஜப்பானியக் கால்குலேட்டர் கம்பெனியின் ஆர்டருக்காகச் செய்யப்போய்க் கிடைத்த பக்கவாட்டு விளைவு. அடுத்த பத்து வருடமும் இன்டெல்காரர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் "நாங்கள் மெமரி கம்பெனி" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஜப்பானியர்கள் வந்தார்கள். என்ஈசி, ஹிட்டாச்சி, ஃபுஜிட்சு, தோஷிபா. 1980-ல் ஹியூலெட்-பேக்கர்ட் ஒரு ஒப்பீட்டை வெளியிட்டது. ஜப்பானிய மெமரி சில்லுகள் அமெரிக்கச் சில்லுகளைவிட மிகக் குறைவாகவே பழுதாகின்றன என்றது. முதல் எதிர்வினை, எல்லா ஊரிலும் போலவே, அளந்தவன் தப்பாக அளந்திருக்கிறான் என்பதுதான். பிறகு விலை சரிந்தது. 1984 கடைசியில் சந்தையே படுத்தது.

சான்டா கிளாராவின் மேல்மட்டத்தில் இருந்தவர்களால் மெமரியை விட முடியவில்லை. இரண்டு நம்பிக்கைகள் தடுத்தன. ஒன்று, மெமரிதான் தொழில்நுட்பத்தை முன்னே இழுக்கும் குதிரை, புதிய உற்பத்தி முறைகளை அதில்தான் பழகிக்கொள்ள முடியும். இரண்டு, வாடிக்கையாளருக்கு முழுப் பட்டியலையும் காட்டாவிட்டால் அவர் வேறு கடைக்குப் போய்விடுவார். இவை மத நம்பிக்கை போல ஆகிவிட்டிருந்தன என்பதைப் பிற்பாடு க்ரோவே ஒப்புக்கொண்டார். எவ்வளவு மோதினாலும் கேட்கக் கூடாத ஒரு கேள்வி என்று எல்லா இடத்திலும் ஒன்று இருக்கும் போலிருக்கிறது.

அதே சமயம் கீழே வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ராபர்ட் பர்கெல்மன் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இன்டெலின் ஃபேப்களில் எந்தச் சில்லை எவ்வளவு செய்வது என்று உற்பத்தித் திட்டமிடுபவர்களும் கணக்குத் துறையினரும் மாதாமாதம் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். அதற்கு ஒரே ஒரு விதிதான்: ஒரு சிலிக்கன் வேஃபரிலிருந்து அதிக லாபம் தரும் பொருளுக்கு முதல் இடம். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. நம்மூரில் ஒரு வயலில் நெல்லா வாழையா என்று பார்ப்பது போன்ற கணக்கு. மெமரியின் விலை விழ விழ, மாதத்துக்கு மாதம் கொஞ்சம் கொஞ்சமாக வேஃபர்கள் மெமரியிலிருந்து பிராசசர் பக்கம் நகர்ந்தன. யாரும் உத்தரவு போடவில்லை. யாரும் துணிச்சலாக எதையும் அறிவிக்கவில்லை. 70-களின் தொடக்கத்தில் டிராம் சந்தையை ஆண்ட இன்டெல், 1984 வாக்கில் அதில் ஒற்றை இலக்கச் சதவீதத்துக்கு வந்திருந்தது. மேலே மேலாளர்கள் "மெமரியை விடலாமா?" என்று மாதக்கணக்கில் வாதிட்டுக்கொண்டிருந்தபோது, ஃபேப்புக்குள் அது பெரும்பாலும் போய்விட்டிருந்தது.

ஆக, அந்த ராட்டினம் தெரிந்த ஜன்னலருகே நடந்தது என்ன? நடந்து முடிந்ததைப் பார்ப்பதற்கான தைரியம் வந்தது, அவ்வளவுதான். இப்படிச் சொல்வதால் க்ரோவைச் சிறுமைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதுவே பெரிய காரியம்தான். முடிவு செய்த பிறகும் அந்த வார்த்தை தன் வாயில் சரியாக வரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். மெமரிப் பிரிவை முடித்துவைக்க அனுப்பப்பட்டவரும் பாதிக் கிணறுதான் தாண்டினார்: விற்கப்போவதில்லை என்று தெரிந்த சில்லுக்கு ஆராய்ச்சி தொடர அனுமதித்தார்கள். கடைசியில் விற்பனையாளர்கள் நடுங்கிக்கொண்டே வாடிக்கையாளர்களிடம் விஷயத்தைச் சொன்னபோது, பலர் கொட்டாவி விட்டார்கள். இதற்கு ஏன் இவ்வளவு நாள் என்று கேட்டவர்களும் உண்டு.

கணக்குப் போட்ட அந்தத் திட்டமிடுபவர்களின் பெயர்கள் எந்தக் கதையிலும் இல்லை. அந்த முடிவின் விலையைக் கொடுத்தவர்களின் பெயர்களும் இல்லை. தொழிற்சாலைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர், ஏறத்தாழ ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்கு, வேலையிழந்தார்கள். 1986-ல் இன்டெல் 17.3 கோடி டாலர் நஷ்டம் காட்டியது. 125 சதவீதம் உழைத்தவர்களும் சம்பள வெட்டை ஏற்றுக்கொண்டவர்களும் அந்த மூன்றில் ஒரு பங்கில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

மிஞ்சியவர்களுக்கு அதிர்ஷ்டம் திறந்தது. 1985 அக்டோபரில் 80386 வந்தது. அதுவரை பிற கம்பெனிகளுக்கும் உரிமம் கொடுத்துச் செய்ய விட்ட இன்டெல், இதை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது. 1987-ல் க்ரோவ் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். 1992-ல் இன்டெல் உலகின் மிகப் பெரிய செமிகண்டக்டர் கம்பெனி. 1997-ல் வருமானம் 2500 கோடி டாலர். அந்த வருடம் டைம் பத்திரிகை அவரை ஆண்டின் மனிதராக்கியது.

*

உள்ளே மோதத் தெரிந்த கம்பெனிக்கு வெளியிலிருந்து வரும் குரலைக் கேட்கத் தெரிந்ததா? 1994-ல் இதற்குப் பதில் கிடைத்தது.

வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி இரட்டைப் பகா எண்களின் தலைகீழ்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். விடை சரியாக வரவில்லை. மாதக்கணக்கில் தன் புரோகிராமையும் மற்ற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு, கடைசியில்தான் புதிய பென்டியம் சில்லைச் சந்தேகப்பட்டார். 4195835-ஐ 3145727-ஆல் வகுத்தால் 1.33382 என்று வர வேண்டும். பென்டியம் 1.33373 என்றது. வகுத்தலுக்காகச் சில்லுக்குள் பதித்து வைத்திருந்த அட்டவணையில் ஐந்து கட்டங்கள் விடுபட்டுப் போயிருந்தன. இன்டெலுக்கு இது முன்பே தெரியும். அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம் என்று இருந்தார்கள்.

விஷயம் வெளியானதும் இன்டெல் ஒரு இன்ஜினியர் சொல்லக்கூடிய பதிலைச் சொன்னது: சாதாரணப் பயனருக்கு இந்தப் பிழை 27,000 வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். பெரிய கணக்கு போடுபவர் என்று நிரூபித்தால் மாற்றித் தருகிறோம். நானும் இன்ஜினியர்தான், அந்தப் பதிலின் சுகம் எனக்குத் தெரியும். எண் நம் பக்கம் இருக்கும்போது எதிராளி முட்டாளாகத்தான் தெரிவான். ஆனால் 1991 முதல் "இன்டெல் இன்சைட்" என்று கோடிகோடியாகச் செலவழித்து வீட்டில் இருப்பவர்களிடம் நேரடியாகப் பேசியது இன்டெல்தான். அவர்கள் இப்போது பதிலுக்குப் பேசினார்கள். டிசம்பர் 12-ல் ஐபிஎம் பென்டியம் கணினிகளை அனுப்புவதை நிறுத்தியது. டிசம்பர் 20-ல் க்ரோவ் இறங்கி வந்தார்: யார் கேட்டாலும் மாற்றித் தரப்படும், கேள்வி கிடையாது. செலவு 47.5 கோடி டாலர்.

இன்னொரு சம்பவம் இதைவிடச் சிறியது, எனக்கு இதைவிட முக்கியமானது. கென் ஹமீதி என்ற முன்னாள் ஊழியர், வேலையிலிருந்து நீக்கப்பட்ட பிறகு, இன்டெலின் ஊழியர் நடைமுறைகளைக் கண்டித்து ஆயிரக்கணக்கான இன்டெல் ஊழியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். இரண்டு வருடத்துக்குள் ஆறு முறை. வேண்டாம் என்றவர்களைப் பட்டியலிலிருந்து நீக்கியும் விட்டார். இன்டெல் வழக்குப் போட்டது, தன் கணினிகளுக்குள் அத்துமீறி நுழைந்ததாக. கீழ்க் கோர்ட்டுகள் இன்டெல் பக்கம் நின்றன. 2003-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் ஹமீதி பக்கம் தீர்ப்புச் சொன்னது: கணினிக்கு எந்தச் சேதமும் இல்லை, கம்பெனிக்குப் பிடிக்காதது கடிதத்தில் இருந்த விஷயம்தான். யார் வேண்டுமானாலும் யாரோடும் மோதலாம் என்று வகுப்பெடுத்த கம்பெனி. அடையாள அட்டை கழுத்தில் தொங்கும் வரைதான் அது போலும்.

*

க்ரோவ் 1998-ல் தலைமைச் செயல் அதிகாரி பதவியை விட்டார். அதற்குச் சற்று முன் அவர் செய்த ஒரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஹார்வர்டு பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார். அவர் எஃகு ஆலைகளின் கதையைச் சொன்னார். பெரிய ஆலைகள் லாபம் குறைந்த மலிவுச் சரக்கைச் சின்ன ஆலைகளுக்கு விட்டுக்கொடுத்துக்கொண்டே போய், கடைசியில் எல்லாவற்றையும் இழந்தன. க்ரோவுக்குப் புரிந்தது. 1998-ல் செலரான் என்ற மலிவு பிராசசர் வந்தது. வேஃபருக்கு எவ்வளவு லாபம் என்ற விதிப்படி பார்த்தால் அதைச் செய்திருக்கவே கூடாது.

இங்கேதான் என் கதையின் முடிச்சு. 1985-ல் இன்டெலைக் காப்பாற்றிய அதே விதி, அதைக் கேள்வி கேட்க ஆள் இல்லாதபோது, வேறு மாதிரி வேலை செய்தது. பால் ஓட்டலினி 2005-ல் தலைமைக்கு வந்தார். ஆப்பிள் ஒரு போன் செய்வதாகவும், அதற்கு ஒரு சில்லு வேண்டும் என்றும் கேட்டது. ஆப்பிள் தரத் தயாராக இருந்த விலை, இன்டெலின் கணக்குப்படி அடக்கவிலைக்கும் கீழே. இன்டெல் மறுத்தது. 2006-ல் கைபேசிகளுக்கான எக்ஸ்ஸ்கேல் பிரிவையும் மார்வெல் கம்பெனிக்கு 60 கோடி டாலருக்கு விற்றுவிட்டது. 2013-ல், பதவியை விடும் சமயத்தில், ஓட்டலினி தி அட்லாண்டிக் பத்திரிகையிடம் மனம் திறந்தார். அடக்கவிலைக் கணிப்பே தப்பு, விற்ற எண்ணிக்கையோ யார் நினைத்ததையும்விட நூறு மடங்கு. உள்ளுணர்வு ஒத்துக்கொள்ளச் சொன்னது, நான் எண்களைக் கேட்டேன் என்கிற மாதிரி சொன்னார்.

அவரைக் குறை சொல்வது சுலபம். எண்களைக் கேட்காமல் இருந்திருந்தால் 1985-ல் இன்டெல் செத்திருக்கும். எண்களைக் கேட்டதால் இருபது வருடம் கழித்துக் கைபேசியை இழந்தது. எந்த நாளில் எதைக் கேட்க வேண்டும் என்று அந்தக் காலாண்டிலேயே தெரிந்துவிடும் என்று சொல்லும் பயிற்சியாளர் யாராவது இருந்தால், நான் மறுபடியும் ஏசி அறையில் உட்காரத் தயார்.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடலாம். பிரையன் க்ர்ஸானிச் காலத்தில் 2016-ல் 12,000 பேருக்கு வேலை போகும் என்று அறிவிப்பு வந்தது. அதே வருடம் மார்ச் 21-ல் க்ரோவ் இறந்தார். 10 நானோமீட்டர் உற்பத்தி முறை பலமுறை தள்ளிப்போய், 2019-ல்தான் பெரிய அளவில் வந்தது. 2020-ல் ஆப்பிள் தன் கணினிகளிலிருந்தும் இன்டெலை வெளியேற்றத் தொடங்கியது. 2021-ல், 18 வயதில் இன்டெலில் சேர்ந்து க்ரோவிடம் திட்டு வாங்கி வளர்ந்த பாட் கெல்சிங்கர் தலைவராகத் திரும்பி வந்தார். 2024 டிசம்பரில் அவரும் வெளியேறினார். அதற்கு முந்தின மாதம்தான் டவ் ஜோன்ஸ் பட்டியலில் இன்டெலின் இடத்துக்கு என்விடியா வந்திருந்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசு இன்டெலில் ஏறத்தாழ 10 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. நாற்பது வருடத்துக்கு முன் ஐபிஎம் எடுத்ததைவிடக் கொஞ்சம் குறைவு.

ஒரு தகவல் மட்டும் பாக்கி. 1985-ல் மெமரியைக் கைவிட்டபோது, அந்தச் சில்லுகளின் உற்பத்தித் தொழில்நுட்பத்தை உருவாக்கியவர்கள் ஒரேகானில் போர்ட்லாண்டுக்கு அருகே இருந்தார்கள். இன்டெலிலேயே மிகக் கெட்டிக்காரர்கள் என்று பெயர் எடுத்த கூட்டம். ஒரு மெகாபிட் டிராம் அவர்கள் கையில் தயாராகிக்கொண்டிருந்தது. அது கடைக்கு வரவே இல்லை. க்ரோவ் அவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை, பிராசசர் பக்கம் மாற்றினார். அடுத்த கால் நூற்றாண்டுக்கும் மேலாக உலகத்தில் யாரும் எட்ட முடியாத உற்பத்தி முறைகள் அங்கிருந்துதான் வந்தன. பிறகு அந்த 10 நானோமீட்டர் சிக்கிக்கொண்டு நின்றதும் அங்கேதான்.